கயிற்றில் தொங்கிய கம்பெனி

என் பாசத்தையும் கோபத்தையும் பாதிப் பாதியாகப் பெற்றுக்கொண்டு போன அந்தோணி அண்ணனுக்கு,

இதை உங்களிடம் தனியாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். கல்லறைக்கு வந்து உட்கார்ந்தும் பார்த்தேன். ஆனால் தனியாகப் பேசினால் நீங்கள் பாதியிலேயே "சரி சரி, பாத்துக்கிடலாம்" என்று வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிடுகிற ஆள். நாலு பேர் முன்னால் சொன்னால்தான் மரியாதைக்காவது உட்கார்ந்து கேட்பீர்கள். அதனால் நாலு பேர் படிக்கிறபடியே எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரைக்கும் கேளுங்கள்.

விஷயம் இதுதான். மலைமேல் சாந்தன்பாறையில் நாம் முதன்முதலில் ஏலக்காய் வாங்கிப் போட்ட அதே அறை, பேக்கரிக்குப் பின்னால் இருக்குமே, அது காலியாகிவிட்டது. வேண்டுமென்றால் வாடகைக்குத் தருகிறோம், சனிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்று ஆள் சொல்லிவிட்டிருக்கிறார்கள். போனால் கம்பெனி பிழைக்கும். ஆனால் உங்களைப் பாலக்காட்டுக்குக் கிழக்கே இந்த எருத்தேன்பதி மண்ணில் தனியாக விட்டுவிட்டுப் போக வேண்டும். போகவில்லையென்றால் இந்தக் கம்பெனி இன்னொரு மார்கழிக் காற்றைத் தாங்காது. நான் என்ன செய்யட்டும், அண்ணே?

ஒரு வேலையும் ஓடவில்லை. சல்லடையை எடுக்கிறேன், வைக்கிறேன். உலையில் அரிசியைப் போட்டோமா இல்லையா என்று மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறேன். மரியபுஷ்பம் இருக்கிறாளே, மலையிலிருந்து நம்மோடு ஏலக்காய் தரம் பிரிக்க வந்தவள், அவளுடைய வாய் இன்னும் குறையவில்லை. "ஏட்டி லூர்து, நீ நடக்குத நடையில இங்கெருந்தே மலைக்குப் போய்ச் சேந்திருக்கலாம்" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாம் ஆரம்பித்த கதையை நினைத்துப் பார்க்கிறேன். அதை நினைத்தால்தான் கொஞ்சம் மூச்சு வருகிறது. எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு வந்து நின்றீர்கள். கையில் ஒன்றும் இல்லை. எஸ்டேட் கடைகளுக்குக் கடலை எண்ணெயும் வெல்லமும் ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுக் கிழக்கிலிருந்து லாரியில் வந்த சென்னியப்பன் அண்ணன், போகும்போது வண்டி காலியாகப் போகிறதே என்று வருத்தப்பட்டார். டீக்கடையில் உட்கார்ந்திருந்த நீங்கள், "காலியா ஏன் போகணும்? நான் காய் வாங்கித் தாரேன், நீங்க எறக்கிக் கொண்டுபோங்க" என்றீர்கள். அவரிடம் லாரி, உங்களிடம் காய் பார்க்கிற கண், என்னிடம் பிரிக்கிற கை. இவ்வளவுதான் நம்முடைய கம்பெனி.

ஆனால் அறைக்கு முன்னால் பலகை வந்துவிட்டதே. பெயிண்டர் "என்ன பேரு எழுத?" என்று கேட்டபோது, "பேரை அப்புறம் யோசிப்போம், நீ மொதல்ல டிரேடிங் கம்பெனின்னு எழுது" என்றீர்கள். பெயருக்காக இடது பக்கம் இடம் விட்டு அவர் எழுதிக் கொடுத்தார். அந்த இடம் இன்று வரை காலியாகத்தான் இருக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் கேலி செய்தார்கள். உங்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தினமும் காலையில் அந்தப் பலகையைத் துண்டால் துடைப்பீர்கள்.

காய் நன்றாகத்தான் போயிற்று. நம்முடைய காயின் பச்சை பம்பாய் வரைக்கும் பேசப்பட்டது. அதுதான் சிலருக்குக் கண்ணைக் குத்தியது. பெரிய வியாபாரி ஒருத்தர், பெயர் வேண்டாம், ஏலம் நடந்த இடத்தில் நீங்கள் பெஞ்சில் உட்காரப் போனபோது, "கணக்கப்பிள்ளைக்கு இங்கே என்ன வேலை? நின்னு எழுதுறவன் நின்னே இருக்கட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் டீக்கடை வாசலில் வந்து நின்று ஊர் கேட்கச் சொன்னீர்கள். "இனி இந்த மலையில பொழைக்க வந்தேன்னா என் பேரு அந்தோணி இல்ல." இனி நமக்கு மலை இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஏனென்றால் நீங்கள் சொன்ன சொல்லை விடுகிற ஆள் இல்லை. விட்டுத் தொலைத்திருக்கலாம்.

அப்படித்தான் கொச்சிக்கு வந்தோம். கப்பல் நிற்கிற ஊரிலேயே கடை போட்டுவிட்டால் நடுவில் எவனும் இல்லை என்று கணக்குப் போட்டீர்கள். கணக்கு சரிதான். அரபு நாட்டிலிருந்து ஆர்டர் வந்தது. மலையிலிருந்து மரியபுஷ்பத்தையும் இன்னும் சிலரையும் அழைத்து வந்தோம். பலகையை நீள ஆணி வைத்து நீங்களே அடித்தீர்கள். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி வைத்து அதையும் சுற்றிலும் ஆணியடித்தீர்கள். வெளிச்சம் பட்டால் ஏலக்காயின் பச்சை வெளுத்துப் போகும். பச்சை போனால் விலை போகும். இது நமக்குத் தெரியும். கடற்கரைச் சந்தில் மீன் வலை விற்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

எழுபத்தொன்று டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டது. துறைமுகத்தில் குண்டு விழப்போகிறது என்று ஊரே கிடுகிடுத்தது. பொழுது சாய்ந்தால் ஒரு விளக்கு வெளியே தெரியக்கூடாது, ஜன்னலை எல்லாம் கறுப்புக் காகிதத்தால் மூடுங்கள் என்று ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். சந்து முழுக்கக் காகிதமும் பசையுமாக ஓடினார்கள். நாம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். நம்முடைய ஜன்னல்கள்தான் ஒரு வருஷமாகவே கறுப்பாக இருக்கின்றனவே. நீங்கள் பெருமையாக வேறு சொன்னீர்கள், பக்கத்துக் கடைக்காரரிடம். "எங்களுக்கு வேலையே இல்ல, நாங்க போன வருஷமே அடிச்சாச்சு."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தீர்களா, அண்ணே?

மறுநாள் காலையிலேயே வாசலில் கூட்டம். "நிங்ஙள்க்கு யுத்தம் வருமெந்நு நேரத்தே அறியாமாயிருந்நோ?" என்று ஒருவர் கேட்டார். சண்டை வருவது உங்களுக்கு முன்பே தெரியுமா என்கிறார். தமிழ் பேசுகிறவர்கள், எங்கிருந்தோ வந்தவர்கள், அரபு நாட்டிலிருந்து கடிதம் வருகிறது, ஜன்னலைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. அவர்கள் நினைத்ததிலும் தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது. நீங்கள் ஏலக்காயை அள்ளி அள்ளிக் காட்டி, வெயில் பட்டால் வெளுக்கும் என்று உங்களுக்குத் தெரிந்த மலையாளத்தில் விளக்கினீர்கள். யாராவது நம்புவார்களா? விசாரிக்க வந்த ஆட்கள், எல்லா ஜன்னலையும் திறக்கச் சொன்னார்கள்.

நீங்களே கடப்பாரையை எடுத்தீர்கள். ஆணிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டு வந்தன. துணி கிழிந்து விழுந்தது. கப்பலுக்கென்று பிரித்து வைத்திருந்த குவியல் மேல் வெயில் விழுந்தது. அவர்கள் சாக்கு சாக்காகக் கொட்டிப் பார்த்து முடிக்கிற வரைக்கும் நாம் தொடக்கூடாது. நீங்கள் வெயிலுக்கும் காய்க்கும் நடுவில் போய் நின்றுகொண்டீர்கள். உங்கள் நிழல் எவ்வளவு காயை மூடும்? ஆனாலும் நகரவில்லை. அந்த முதுகைப் பார்த்துத்தான் நான் அழுதேன், காயைப் பார்த்து இல்லை.

ஒன்றும் கிடைக்கவில்லை என்று போய்விட்டார்கள். அன்று சாயங்காலமே இன்னொரு ஆள் வந்து, ஜன்னலை ஏன் இன்னும் மூடவில்லை என்று சத்தம் போட்டான். மரியபுஷ்பம் அவனை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள். மூடினோம். அதற்குள் வீட்டுக்காரர் வந்து, வம்பு வேண்டாம், காலி செய்துவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். பலகையைக் கழற்றும்போது நீள ஆணி வர மறுத்து ஒரு மூலை பிளந்துவிட்டது. நீங்கள் அந்தச் சில்லைக்கூடப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

சென்னியப்பன் அண்ணன் லாரியோடு வந்தார். ஆலுவாயில் ரோடு பிரிகிற இடத்தில் வண்டியை ஓரம் கட்டினார். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் திருச்சூர் வழியாகப் பாலக்காடு. "ஏனுங்ணா, மலைக்குத் திருப்பட்டுங்களா, எங்கூருக்குத் திருப்பட்டுங்களா?" என்று கேட்டார். நீங்கள் இறங்கிப் பீடி பற்றவைத்தீர்கள். மலைப் பக்கம் போகிற ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த நான், மாதாவே, மலைக்கு என்று சொல்ல வையுங்கள் என்று வேண்டினேன். பீடி தீர்ந்தது. "உங்க ஊருக்கே விடுங்க" என்றீர்கள்.

அந்த ஒரு வார்த்தைக்காக உங்கள் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. யாரோ ஒருத்தர் பெஞ்சில் உட்கார விடவில்லை என்பதற்காக நாம் எல்லோரும் ஊர் ஊராக அலைய வேண்டுமா?

இங்கே, எருத்தேன்பதிக்கு வந்து சேர்ந்தால் வெட்டவெளி. பனைமரமும் நிலக்கடலைக் காடும். சென்னியப்பன் அண்ணன் வீட்டில், தோட்டத்துக்குள் இருந்த வீட்டை, சாளை என்பார்கள் இங்கே, காலி செய்து கொடுத்தார்கள். மிச்சச் சாமான் எடுக்க அவர் மறுபடியும் கொச்சிக்குப் போனார். அவர் திரும்பி வந்து லாரியை நிறுத்தும்போது, டீக்கடை ரேடியோவில் கேட்டதாகச் சொன்னார். "சண்டை முடிஞ்சு போச்சாமுங்க. நாமதான் ஜெயிச்சமாமுங்க." நீங்கள் ஏணியில் நின்று ஜன்னலுக்குத் துணி பிடித்துக்கொண்டிருந்தீர்கள். "அப்ப நாம எதுக்கு எறக்குதோம்?" என்றீர்கள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாம் சாமான் இறக்கி முடிப்பதற்குள் ஒரு சண்டையே முடிந்துவிட்டது.

ஆணியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு வந்த சென்னியப்பன் அண்ணனை நீங்கள் தடுத்தீர்கள். "ஆணி வேண்டாம். கயிறு போதும்." துணியைக் கயிற்றால் கட்டினீர்கள். பலகையையும் உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டீர்கள். கொச்சியில் கடப்பாரை பிடித்த கை, இனி ஆணியைத் தொடப் பயப்படுகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். கொச்சி அறையை வலைக்காரர் ஒருவருக்கு விட்டுவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. திரும்பிப் போக இடமில்லை, இங்கேயே இருந்துவிட்டோம்.

வேறு வழியில்லாமல் இருந்தோம்தான், ஆனால் இந்த ஊர் நமக்குக் கெடுதல் செய்யவில்லை. நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னிடம் காய் பிரிக்கக் கற்றுக்கொண்டார்கள். போடி, பொள்ளாச்சி வழியாக மலைச் சரக்கு வந்தது. கோயம்புத்தூரிலிருந்து ரயில் ஏறிப் போனது. கப்பல் மறுபடி ஓடியது. கம்பெனி கொச்சியில் இருந்ததைவிடப் பெரிதாகத்தான் ஆனது. உங்களை இந்த ஊர்க்காரர்கள் "கம்பெனிக்காரரு" என்று வணக்கம் சொல்லிக் கூப்பிட்டார்கள். பெஞ்சிலும் உட்காரச் சொன்னார்கள்.

ஆனால் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. மார்கழியில் கிழக்கிலிருந்து அடிக்கிற வறண்ட காற்றில் காய் வாயைப் பிளந்துகொள்கிறது. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுப் பார்த்தோம், பானையில் தண்ணீர் வைத்துப் பார்த்தோம். நீங்கள் இருக்கும்போது உங்கள் பேச்சுக்காகவே பம்பாய்க்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள். போன தவக்காலத்தில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த பிறகு, பிளந்த காயைத் திருப்பி அனுப்புகிறார்கள். "அம்மிணி, ஏவாரம் நெலைக்கோணுமுன்னா மலைக்குப் போகோணுமுங்க. எனக்குஞ் சங்கடந்தானுங்க. ஆனாக் காய்க்கு மலைதானுங்க ஊடு" என்று சென்னியப்பன் அண்ணனே சொல்லிவிட்டார். அந்த நல்ல மனுஷன் தன் சாளை காலியாகக் கிடக்கப்போவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அறை காலியான செய்தி வந்த அன்றே மரியபுஷ்பம் டிரங்குப் பெட்டியைத் தட்டி வெயிலில் வைத்துவிட்டாள். நான்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். மலைக்குப் போகமாட்டேன் என்று சபதம் போட்டவர், அந்தச் சபதத்தோடே செத்தவர். அவர் கட்டிய கம்பெனியை அவர் வேண்டாம் என்ற இடத்துக்கே தூக்கிக்கொண்டு போவதா? அதுவும் அவரை இங்கே விட்டுவிட்டு? இதுதான் என்னைச் சாப்பிட விடவில்லை.

இவ்வளவையும் எழுதிப் பாதியில் வைத்திருந்தேன். நேற்று என்ன நடந்தது தெரியுமா? காற்றில் பலகை ஆடி ஆடிச் சுவரில் இடித்துக்கொண்டே இருந்தது. எரிச்சலில் சென்னியப்பன் அண்ணனைக் கூப்பிட்டு அதை இறக்கச் சொன்னேன். முடிச்சை அவிழ்க்கும்போது பார்க்கிறேன், கயிறு பழசாகவே இல்லை. வந்த வருஷம் கட்டிய கயிறு இதற்குள் நைந்து இற்றுப் போயிருக்க வேண்டாமா?

"இது ஏனுங்கண்ணே இவ்வளவு புதுசா இருக்கு?" என்றேன்.

அவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார். "வருசா வருசம் பொள்ளாச்சிச் சந்தையில நாந்தானுங்க வாங்கியாருவேன். அண்ணன் பழசக் கழட்டிப்போட்டுப் புதுசு கட்டுவாருங்க. கட்டறப்ப ஒண்ணு சொல்லுவாருங்க. இந்தக் கயிறு நையறதுக்குள்ள மலைக்குப் போயிரலாஞ் சென்னி, அப்பிடீம்பாருங்க."

நான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து நிறுத்தினேன். "மலைக்குன்னா சொன்னாங்க? கொச்சிக்குன்னு சொல்லலையா?"

"கொச்சிப் பேச்சே எடுத்ததில்லீங்களே. மலைதானுங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டாமுன்னு சொல்லிப்போட்டாருங்க. நீங்க ஆசப்பட்டுட்டா, கூட்டீட்டுப் போகாம இருக்க அவரால முடியாதாமுங்க."

அண்ணே. அண்ணே. இதை என்னிடம் சொல்வதற்கு என்ன? எத்தனை தடவை நானே கேட்டிருப்பேன். ஊர் ஞாபகம் வருகிறதா என்று கேட்டால், "ஊரென்னட்டி ஊரு, மழையும் அட்டையும்" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். மாநில எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்டில் நம்முடைய லாரி வருகிற நாளெல்லாம் போய் வெயிலில் நிற்பீர்களே, சாக்கைப் பிரித்துக் காயை வெளுக்க வைத்துவிடுவார்கள், நான் பக்கத்தில் நிற்கணும் என்பீர்களே. சாக்கில் மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டு, இது நம்ம பக்கத்துக் காய் என்பீர்களே. நான் அதை வியாபாரம் என்றல்லவா நினைத்தேன்? ஒரு பெஞ்சுக்காகச் சொன்ன ஒரு சொல்லைக் காப்பாற்ற, வருஷம் தவறாமல் கயிறு வாங்கிக் கட்டினீர்களா? உங்களைக் கட்டிப்பிடித்து அழுவதா, நாலு சாத்து சாத்துவதா என்று தெரியவில்லை. நீங்கள் இருந்தால் இரண்டையும் செய்திருப்பேன்.

போக ஆசைப்பட்டவரை விட்டுவிட்டு நான் மட்டும் போகிறேனா என்று நேற்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அழுதேன். இன்று காலை முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்தேன். சென்னியப்பன் அண்ணனிடம் முதலில் கல்லறையைப் பற்றித்தான் கேட்டேன். "அதப் பத்தி நெனக்காதீங்கம்மிணி. எங்கூரு மண்ணுல கெடக்கறவரு எங்கூட்டு ஆளுதானுங்க. வெளக்கு நாங்க வெச்சுக்கறமுங்க" என்றார். இங்கே காய் பிரிக்கிற பெண்களும் கடலைக்காட்டுக்குத் திரும்பிப் போக மாட்டோம் என்று சண்டைக்கு வந்தார்கள். மழை மாதங்களில், காற்று ஈரமாக இருக்கும்போது, ஒரு பங்கு காயை இங்கே இறக்கித் தருவதாக ஒப்புக்கொண்டேன். நீங்கள் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பீர்கள்.

பிறகு பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிற பெயிண்டரிடம் போனேன். ஆமாம், நானேதான். பெயிண்டர் இடது பக்கம் காலியாகக் கிடந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க என்ன எழுதறதுங்க?" என்று கேட்டார். சொன்னேன். பிளந்த மூலைக்கு அந்தச் சில்லையும் ஒட்டித் தரச் சொன்னேன். உங்கள் சட்டைப் பையில், பீடிக்கட்டோடு அது இவ்வளவு நாளும் இருந்தது.

மலையில் பிழைக்க வந்தால் என் பேர் அந்தோணி இல்லை என்றீர்கள். சனிக்கிழமை பதில் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் சாந்தன்பாறையில், ஊரெல்லாம் பார்க்கிற மாதிரி, பேக்கரிக்கு மேலே தெரிகிற உயரத்தில் அந்தப் பெயரை மாட்டப்போகிறேன். எவன் சிரிக்கிறான் என்று பார்க்கிறேன். கயிறு இல்லை, அண்ணே. நாலு மூலையிலும் நீள ஆணி. நானே அடிப்பேன்.

இது உங்கள் மேல் சத்தியம்.

இனி உங்களைக் கேட்காமலே முடிவெடுக்கப்போகிற,
உங்கள் வாயாடித் தங்கச்சி
லூர்து